முடிவு எழுதப்பட்ட ஆட்டம்



சதுரங்கம் என்றும் செஸ் என்றும் வழங்கும் ஆட்டத்தின் முடிவு, முதல் காய் நகர்வதற்கு முன்பே நிச்சயிக்கப்பட்டுவிட்டது என்பது கணிதம் மெய்ப்பித்த ஓர் உண்மை. ஜெர்மானியக் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்து இன்று அவர் பெயராலேயே வழங்கும் தேற்றம், இருவர் மாறி மாறி ஆடுவதும், பகடை போன்ற தற்செயலுக்கு இடமில்லாததும், எதையும் மறைக்காமல் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரிய நிற்பதும், என்றேனும் முடிந்தே தீரவேண்டியதுமான ஆட்டங்களைப் பற்றியது. அத்தகைய ஆட்டத்தில், எதிராளி என்ன செய்தாலும் வெல்லும் வழி முதலில் ஆடுபவர்க்கு இருக்கவேண்டும், அல்லது இரண்டாவதாக ஆடுபவர்க்கு இருக்கவேண்டும், இரண்டும் இல்லையாயின் தோல்வியைத் தவிர்க்கும் வழி இருவர்க்குமே இருக்கவேண்டும். நான்காவதாக ஒரு நிலை இல்லை. இம்மூன்றில் சதுரங்கத்துக்கு உரியது எது என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை எனினும், பிழையற்ற ஆட்டம் சமநிலையில், அதாவது ஆட்டக்காரர் வழக்கில் ‘டிரா’வில், முடியும் என்றே வல்லுநருள் மிகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். யாரும் வெல்லாமல் முடியவேண்டிய ஓர் ஆட்டத்தின் முன் மனிதர்கள் ஏன் மணிக்கணக்கில் அமர்ந்து மகிழ்கிறார்கள் என்ற வினா, கல்வியை முடித்து வெளியேறுவோர் முன் வைக்கத்தக்கது. ஏனெனில் விடைகள் முன்கூட்டியே எங்கோ கணக்கிடப்பட்டுக் கிடக்கும் காலத்தில்தான் அவர்கள் தம் தொழிலுக்குள் நுழைகிறார்கள்.

தேற்றத்தின் உட்பொருளைப் பின்னோக்கி நடந்து விளங்கிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்துவிட்ட நிலைகள் ஒவ்வொன்றுக்கும் வெற்றி, தோல்வி, சமநிலை என்ற மூன்றில் ஒரு முத்திரை இயல்பாகவே உண்டு. அவற்றுக்கு ஒரு நகர்வு முந்தைய நிலையில் ஆடவேண்டியவர், தமக்கு மிகுந்த நன்மை தரும் முத்திரையை நோக்கியே காயை நகர்த்துவார் ஆதலால், அந்த முத்திரை முந்தைய நிலைக்கும் ஏறுகிறது. இவ்வாறே படிப்படியாகப் பின்னேறினால், 32 காய்களும் அசையாமல் நிற்கும் தொடக்க நிலைக்கும் ஒரு முத்திரை வந்து சேர்கிறது. அது எந்த முத்திரை என்பதைக் கணக்கிட்டே அறியவேண்டும். கணக்கிடவோ எண்ணிக்கை இடம் தருவதில்லை. தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன், 1950இல் வெளியான கட்டுரையில், நடக்கக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கை 1க்குப் பின் 120 சுழியங்கள் கொண்டதாக இருக்கும் என மதிப்பிட்டார். கண்ணுக்கும் கருவிக்கும் எட்டும் பேரண்டத்திலுள்ள அணுக்களை எண்ண 80 சுழியங்களே போதும் என்பர்.

ஒன்பது கட்டங்களில் வட்டமும் பெருக்கல் குறியும் இட்டு ஆடும் சிறுவர் விளையாட்டும் பிழையின்றி ஆடினால் சமநிலையிலேயே முடிகிறது. சிறுவர்கள் அதை விரைவிலேயே கைவிட்டுவிடுகிறார்கள், ஏனெனில் அதன் முழுத் தீர்வும் ஒரு சிறுவனின் தலைக்குள் அடங்கிவிடுகிறது. சதுரங்கப் பலகையிலேயே வட்டக் காய்களைக் கொண்டு ஆடும் செக்கர்ஸ் என்னும் ஆட்டத்தின் கதை வேறு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபரும் அவருடைய குழுவினரும் 1989இல் தொடங்கிய கணக்கீட்டை 2007இல் நிறைவுசெய்து, 5க்குப் பின் 20 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையிலான நிலைகளை உடைய அந்த ஆட்டம், இருவரும் பிழையின்றி ஆடினால் சமநிலையிலேயே முடியும் என்று மெய்ப்பித்தனர். அதன் பிறகும் செக்கர்ஸ் ஆடுவோர் பலகையை மடித்துவைத்துவிடவில்லை. உலகப் பட்டத்துக்கான போட்டிகள் தொடர்ந்து நடந்தன. அங்கே உண்மை கணினியின் நினைவகத்தில் இருக்கிறது, ஆட்டமோ இரு மனங்களுக்கிடையே நடக்கிறது. நினைவகத்தில் இருப்பது மனத்துக்குள் வந்து சேராதவரை ஆட்டம் தன் உயிரை இழப்பதில்லை.

இதைக் கணிதம் அறிந்த ஒருவரே பலகையில் காட்டியிருக்கிறார். 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலகச் சாம்பியனாக விளங்கிய இமானுவேல் லாஸ்கர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இயற்கணிதத்தில் 1905இல் அவர் நிறுவிய முடிவு ஒன்று லாஸ்கர்–நோதர் தேற்றம் என்ற பெயரில் இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது. செர்மெலோவின் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டு, 1914இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியில், இளைஞரான கபபிளாங்காவை வென்றே ஆகவேண்டிய கட்டத்தில் லாஸ்கர் தேர்ந்த தொடக்கம், சமநிலைக்குப் பெயர்போன ஸ்பானியத் தொடக்கத்தின் பரிமாற்ற வகை. ஏழாவது நகர்வுக்குள் இரு ராணிகளும் பலகையை விட்டு நீங்கின. அத்தகைய அமைப்பில் சமநிலை என்னும் முத்திரை கறுப்புக்கு உரியதே எனினும், அதைப் பெறக் கறுப்பு விறுவிறுப்பாக ஆடவேண்டும். கபபிளாங்கா அடங்கி ஆடினார், லாஸ்கரின் குதிரை எதிரிப் பகுதிக்குள் ஊன்றி நின்றது, ஆட்டத்தையும் இறுதியில் போட்டியின் முதலிடத்தையும் லாஸ்கர் வென்றார். தேற்றத்தின் அகராதியில் மூன்றே சொற்கள் உள்ளன. எந்த நகர்வை ஆடினாலும் கெடாத சமநிலையும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே ஒரு சரியான நகர்வைக் கண்டுபிடித்தால் மட்டுமே தப்பும் சமநிலையும் அதற்கு ஒன்றே. மனிதர்க்கு அவை ஒன்றல்ல என்பதை லாஸ்கர் அறிந்திருந்தார். அவர் சதுரங்கத்தைப் போராட்டம் என்று கொண்டது இதனால்தான்.

ஆயினும் போராட்டம் ஒன்றையே இன்பத்தின் முழுக் காரணமாகக் கொள்வது போதாது. சதுரங்கத்தில் ‘ஸ்டடி’ என்றொரு கலைவடிவம் உண்டு. ஆட்டத்தின் இறுதிப் பகுதியைப் போல ஒரு நிலையை ஒருவர் இயற்றி, வெள்ளை ஆடி வெல்லவேண்டும் என்றோ வெள்ளை ஆடிச் சமநிலை பெறவேண்டும் என்றோ மேலே எழுதிவிடுவார். முடிவு அங்கே தலைப்பாகவே நிற்கிறது, எதிராளியும் இல்லை. எனினும் நூறாண்டுகளாக அவற்றைத் தீர்ப்பதில் மக்கள் கொள்ளும் மகிழ்ச்சி குறையவில்லை. அவற்றுள் தலைசிறந்த ஒன்று, செக்கோஸ்லோவாகிய ஆட்டக்காரர் ரிச்சர்டு ரேட்டி 1921இல் வெளியிட்டது. பலகையில் நான்கே காய்கள்: வெள்ளை ராஜா எச்8 கட்டத்திலும், வெள்ளைச் சிப்பாய் சி6 கட்டத்திலும், கறுப்பு ராஜா ஏ6 கட்டத்திலும், கறுப்புச் சிப்பாய் எச்5 கட்டத்திலும் நிற்கின்றன. வெள்ளை ஆடிச் சமநிலை பெறவேண்டும்.

முதற்பார்வையில் இது நடக்காத காரியம். கறுப்புச் சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாக இன்னும் நான்கு நகர்வுகளே வேண்டும்; அதைத் துரத்தும் வெள்ளை ராஜாவோ இரண்டு நகர்வுகள் பின்தங்கி நிற்கிறது. வெள்ளைச் சிப்பாயின் அருகிலேயே கறுப்பு ராஜா காத்திருப்பதால் அதனாலும் பயனில்லை. விடை, சதுரங்கப் பலகையின் வடிவியலில் ஒளிந்திருக்கிறது. தாளில் வரைந்த சதுரத்தில் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளமானது. ராஜா ஒரு முறைக்கு ஒரு கட்டம் எத்திசையிலும் நகரும் பலகையில் மூலைவிட்டமும் பக்கமும் ஒரே தொலைவு. எச்8இலிருந்து நேராகக் கீழிறங்கி எச்5க்குச் செல்ல மூன்று நகர்வுகள் ஆகும். சாய்வாக இறங்கி ஈ5க்குச் செல்லவும் அதே மூன்றுதான். எனவே வெள்ளை ராஜா ஜி7, எஃப்6, ஈ5 எனச் சாய்வாக நடக்கும்போது, ஓடும் எதிரிச் சிப்பாயை நெருங்குவதும் தன் சிப்பாய்க்குத் துணையாகச் செல்வதும் ஒரே அடியில் நிகழ்கின்றன. வெள்ளைச் சிப்பாயை வெட்டக் கறுப்பு ராஜா காலம் செலவிட்டால், வெள்ளை ராஜா எஃப்4க்கு வந்து ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடுகிறது. வெட்டாமல் சிப்பாயை ஓடவிட்டால், வெள்ளை ராஜா டி6க்குச் சென்று தன் சிப்பாயையும் ராணியாக்கிவிடுகிறது. இரு வழியிலும் சமநிலையே.

தலைப்பில் எழுதியிருந்த அதே சொல்தான் இறுதியிலும் கிடைத்தது. ஆனால் தலைப்பைப் படித்தபோது அது நம்பமுடியாத கூற்று. மூன்று சாய்வு அடிகளைக் கண்ட பின் அது வேறெப்படியும் இருக்கமுடியாத உண்மை. நம்பமுடியாமையிலிருந்து தவிர்க்கமுடியாமைக்கு மனம் கடந்து செல்லும் அந்தச் சிறு தொலைவில்தான் சதுரங்கத்தின் இன்பம் பெரிதும் இருக்கிறது என்பது இவ்வுரையின் துணிபு. முடிவு தெரிந்திருப்பது அந்த இன்பத்தைக் குறைப்பதில்லை. சில வேளைகளில் அதைக் கூட்டவும் செய்கிறது, ஏனெனில் எட்டவேண்டிய இடம் தெரிந்த பிறகே வழி எவ்வளவு அரியது என்பது விளங்குகிறது.

இருவர் எதிரெதிரே அமரும் ஆட்டத்திலும் கோட்பாட்டுச் சமநிலை தானாக நிலைப்பதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான தொடரின் கடைசியான 14ஆவது ஆட்டத்தில், நடப்புச் சாம்பியனான சீனாவின் டிங் லிரனும் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சம புள்ளிகளுடன் அமர்ந்தனர். ஐம்பது நகர்வுகள் கடந்த நிலையில் இருவரிடமும் தலா ஒரு யானையும் ஒரு பிஷப்பும் இருந்தன. கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் மிகுதி. தற்காத்துச் சமநிலை பெறத்தக்க நிலை அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குகேஷ் ஓயாமல் நகர்வுக்கு நகர்வு வினா எழுப்பிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் தம் யானையைப் பரிமாற்றத்துக்கு முன்வைத்தார். யானைகளோடு பிஷப்புகளும் வெட்டுப்பட, எஞ்சிய ராஜா–சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றியாயிற்று. உலகப் பட்டம் இத்தகைய பிழையால் முடிவானதே என்று முன்னாள் சாம்பியன் ஒருவர் வருந்தினார். அவ்வருத்தம் பொருத்தமற்றது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்ட போராட்டத்தின் இறுதியில், களைப்புக்கும் கடிகாரத்துக்கும் இடையே, பிழையின்றி நிற்பது எத்துணை அரிது என்பதையே அந்த நகர்வு உலகுக்குக் காட்டியது. பிழைக்கு இடமளிக்கும் வினாவை விடாது கேட்டுக்கொண்டிருப்பதும் ஆட்டத் திறனின் பகுதியே.

கோட்பாட்டு முடிவால் ஆட்டத்துக்கு இடர் ஏதும் இல்லை என்று சொல்லிவிடவும் இயலாது. கபபிளாங்கா 1920களிலேயே, வல்லுநர்கள் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டால் எல்லாம் சமநிலையாகிவிடும் என்று அஞ்சிப் பெரிய பலகையையும் புதிய காய்களையும் முன்மொழிந்தார்; பாபி ஃபிஷர் 1996இல், பின்வரிசைக் காய்களைக் குலுக்கி 960 வெவ்வேறு தொடக்க நிலைகளில் ஆடும் முறையை அறிவித்தார். 2018இல் லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 நீள ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. 2017இல் ஆல்ஃபாசீரோ என்னும் கணினி நிரல், ஸ்டாக்ஃபிஷ் என்னும் மற்றொன்றுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28இல் வென்றது, எஞ்சிய 72உம் சமநிலை. இன்று கணினிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில், ஒரு பக்கம் சாய்ந்த தொடக்க நிலைகளை மனிதர்களே தேர்ந்து கொடுக்கவேண்டியிருக்கிறது. எனினும் சலிப்புக்குக் காரணம் செர்மெலோ அல்லர். பிறர் கண்ட நகர்வுகளை மனப்பாடம் செய்து, இருபதாவது நகர்வு வரை சிந்திக்காமலே ஆடும் பழக்கமே ஆட்டத்தை வறட்சியாக்குகிறது. ஃபிஷரின் முறை குலைத்ததும் அந்த மனப்பாடத்தைத்தான்.

விடை கையிலிருந்தும் விளக்கம் கிட்டாத நிலையையும் சதுரங்கம் காட்டியிருக்கிறது. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை எஞ்சும் எல்லா நிலைகளுக்கும் பிழையற்ற விடை, 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசவ் மீக்கணினியில் கணக்கிடப்பட்டுவிட்டது. அவற்றுள் சில நிலைகளில் வெற்றி பெற 500க்கும் மேற்பட்ட நகர்வுகள் தேவை. அந்த நகர்வுகளை வரிசையாகப் பார்க்கும் கிராண்ட்மாஸ்டர்களாலும் அவற்றுள் பெரும்பாலானவை ஏன் ஆடப்படுகின்றன என்று சொல்ல இயலாது. மனித அறிவு இயங்கும் முறை இதற்கு நேர்மாறானது. உளவியலாளர் வில்லியம் சேசும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில விநாடிகள் பார்த்த தேர்ந்த ஆட்டக்காரர் அதன் காய்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகத் திரும்ப அடுக்கினார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது அவருக்கும் தொடக்கநிலையாளர்க்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆண்டுக்கணக்கில் தாமே ஆடித் தோற்றுக் கண்ட காரணங்கள் அவர் பார்வைக்குள்ளேயே படிந்துவிட்டன. இந்தப் படிவைத் தரக்கூடிய விடைப்பட்டியல் எதுவும் இல்லை.

மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் கட்டுமானக் களத்திலும் இன்று பட்டம் பெறுவோர்க்கு விடைகள் கணினித் திரையில் ஆயத்தமாகக் கிடைக்கும். பல வேளைகளில் அவை சரியாகவும் இருக்கும். அவ்விடைகளைப் பயன்படுத்தத் தயங்கவேண்டியதில்லை. ஆனால் தம் துறையின் அடிப்படையான கணக்குகளில் சிலவற்றையேனும், விடை தெரிந்த பின்னரும், தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து காரணம் விளங்கும் வரை தாமே செய்து பார்க்கவேண்டும் என்று இவ்வவை பட்டதாரிகளைக் கேட்டுக்கொள்கிறது. அவர்களுள் ஆசிரியராகப் போகிறவர்கள், மாணவனுக்கு விடையைச் சொல்லிவிடும் முன் அவன் தேடுவதற்கு இன்னும் சற்று நேரம் கொடுப்பார்களாக.