ஆலோசனையும் ஓர் அமானிதமே!

 

  

நோய் வந்தால் மருத்துவரைத் தேடுகிறோம். வழக்கு வந்தால் வக்கீலை நாடுகிறோம். அவர்களுக்குரிய கட்டணத்தையும் தருகிறோம். ஆனால், இருபதாண்டு உழைப்பில் சேர்ந்த பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்போது மட்டும், டீக்கடையில் பக்கத்தில் அமர்ந்தவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். இந்த அறியாமைக்கு நம் கொங்கு மண் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

திருப்பூரில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம் அன்னியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லிப் பணம் திரட்டியது. ஏறத்தாழ 930 கோடி ரூபாய் மோசடி என்பது வழக்கு. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்பு வருவதற்கே பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2012இல் பெருந்துறை சுசி ஈமு பண்ணை சரிந்தது. திரை நட்சத்திரங்கள் தோன்றிய விளம்பரங்களை நம்பியவர்கள், ஈமு கோழிகளுக்குத் தீனி போடவும் வழியின்றி நின்றார்கள்.

இவையெல்லாம் மார்க்கம் அறியாதவர்களின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். பெங்களூரில் 'ஐ மானிட்டரி அட்வைசரி' என்ற நிறுவனம் வட்டியில்லா ஹலால் முதலீடு என்று கூறி வளர்ந்து, 2019 ஜூனில் வீழ்ந்தது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அட்வைசரி என்றால் ஆலோசனை. ஆலோசனை என்ற பெயரையே சூடிக்கொண்டு அமானிதத்தை அழித்தார்கள். அந்த விசாரணையில் மார்க்க அறிஞர் ஒருவரும் கைதானார்.

அச்செய்தியைப் படித்தபோது என் நெஞ்சு நடுங்கியது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் இமாமத் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், தையல் தொழிலாளி ஒருவர் தொழுகைக்குப் பின் ஒரு தாளை நீட்டி, "ஹஜ்ரத், இது ஹலாலா?" என்று கேட்டார். படித்துப் பார்த்தேன், வட்டி என்ற சொல் அதில் இல்லை. "ஒப்பந்தத்தில் தவறு தெரியவில்லை" என்றேன். நான் சொன்னது ஒப்பந்த வாசகத்தைப் பற்றி. அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றதோ, "ஹஜ்ரத் போடச் சொல்லிவிட்டார்" என்பதை! மகளின் திருமணத்திற்குச் சேர்த்த பணம் போயிற்று. இன்றுவரை அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைப் பொறுப்பைச் சுமக்கிறார் என்ற நபிமொழியின் பொருளை மதரஸாவில் ஓதினேன்; அந்த மனிதரின் முகத்தில்தான் விளங்கிக்கொண்டேன்.

அன்பிற்குரியவர்களே! ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஹிஜ்ரத்தின் வரலாற்றைப் பாருங்கள். மக்காவின் எதிரிகள் தேடிக்கொண்டிருக்க, நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியது யாரை? அப்துல்லாஹ் பின் உரைக்கித் என்பவரை. அவர் அன்று முஸ்லிம் அல்லர். ஆனால் பாலைவனப் பாதைகளில் தேர்ந்தவர், வாக்கில் நம்பிக்கையானவர். ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். அவரும் சொன்னபடி வந்தார். மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தலாம் என்று தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணியும் இதே இரு தகுதிகளையே கூறியதாகக் கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம்: ஆற்றல், நம்பகம். தாடியும் தொப்பியும் ஆற்றலுக்குச் சான்றாகா. கோட்டும் ஆங்கிலமும் நம்பகத்திற்குச் சான்றாகா.

நம்பகத்தை அறிய முதற்கேள்வி, "உங்களுக்குக் கூலி தருபவர் யார்?" என்பதே. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கும் காப்பீட்டு முகவருக்கும் நிறுவனம் கமிஷன் தருகிறது. தரகுக் கூலி மார்க்கத்தில் ஆகுமானதே. அதை மறைப்பதுதான் தவறு. மறுபுறம், செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் உங்களிடம் மட்டுமே கட்டணம் பெறவேண்டும். உங்களுக்குச் சொல்லும் முதலீட்டில் கமிஷன் வாங்கக்கூடாது. 2013 முதல் இதற்கெனத் தனி விதிமுறை இருக்கிறது. அவரது பதிவெண் 'ஐஎன்ஏ' என்று தொடங்கும். செபியின் பட்டியலில் நீங்களே சரிபார்க்கலாம்.

"ஆலோசனைக்குப் பத்தாயிரமா?" என்று மலைக்கிறீர்களா? கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து லட்சம் ரூபாயில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷனாகப் போனால் ஐயாயிரம். இருபதாண்டில், பணம் வளராமலே இருந்தாலும், ஒரு லட்சம். கண்ணுக்குத் தெரியாமல் போவதால் இலவசம் என்று நினைக்கிறோம். 2013 ஜனவரி முதல் கமிஷனற்ற நேரடித் திட்டங்களும் மியூச்சுவல் ஃபண்டுகளில் உள்ளன. ஷரீஅத் வரம்பை நாடுவோருக்கு டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் போன்ற ஃபண்டுகளும் உண்டு. ஆனால் பங்குச் சந்தை ஏறும், இறங்கும். அது உங்களுக்கு ஏற்றதா என்பதைத்தான் ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.

கூலியை முன்கூட்டியே பேசி முடிப்பது ஃபிக்ஹின் சட்டம். தெளிவற்ற கூலி வாடகை ஒப்பந்தத்தைக் கெடுக்கும். நாட்டின் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. 2025இல் வந்த விதிப்படி, நிலைக்கட்டணம் என்றால் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. சொத்து மதிப்பின்படி என்றால் 2.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இது உச்சவரம்பு மட்டுமே. சிறு குடும்பம் இதனருகே செல்லத் தேவையில்லை. நம்மைப் போன்றோருக்குப் பேசி முடித்த ஒரு தொகையே நிம்மதி. பேசியதை எழுத்தில் வாங்குங்கள். கடனையும் எழுதிக்கொள்ளுமாறு பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருப்பது நமக்காகத்தானே! வேலை முடிந்ததும் கூலியைத் தாமதிக்காமல் கொடுங்கள், அதுவும் நபிவழி.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஆலோசகரின் வேலை சொல்வது. உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதன்று. முதலீட்டுப் பணத்தை அவர் கணக்கிற்கு அனுப்பாதீர்கள். "மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று உறுதி கூறுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்பவர் உறவினரே ஆனாலும் மறுத்துவிடுங்கள். வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். அவர்களின் நகைதானே முதலில் அடகுக்குப் போகிறது!

என்னிடமும் வாருங்கள். வட்டி எது, வியாபாரம் எது என்று ஓதியறிந்த அளவில் சொல்கிறேன். ஆனால் நிறுவனத்தின் கணக்கு உண்மையா, பணம் திரும்பி வருமா என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, அறிந்தவரிடம் கேளுங்கள்" என்பேன். தெரியாததைத் தெரியாது என்பதும் இல்மின் ஒரு பகுதியே. அன்று அந்தச் சொல்லை நான் சொல்லாமல் விட்டதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வல்ல நாயன் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! இழந்தவர்களுக்கு நல்ல ஈடு வழங்குவானாக! அமானிதம் பேணும் மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.