மூளைக்குக் கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள்

"மீன் தின்றால் மூளை வளரும்" என்று சொல்லிப் பிள்ளையின் தட்டில் மீனை வைக்கும் தாய்மார் கல்முனைக் கரையோரத்தில் உண்டு. அக்கூற்று பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. உண்ட கொழுப்பு மூளையை எவ்வாறு சென்றடைகிறது என்பதே மற்றைப் பாதி.

மூளையிலுள்ள நீரை நீக்கி நிறுத்தால், எஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்பாகும். அதிலே சிறப்பிடம் பெறுவது டீ.எச்.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் கொழுப்பமிலம். 22 காபன் அணுக்கள் கோத்த இச்சங்கிலியில் 6 இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. நரம்புக் கலங்களின் மென்சவ்வுக்கு நெகிழ்ச்சியைத் தருவது இதுவே. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்வது மிகச் சிறிதளவே. சூடை, சாளை முதலிய கடல்மீன்களில் இது மிகுந்திருக்கிறது.

கரைவலையில் மீன் குவிந்துவிட்டால் மட்டும் சம்மாந்துறை வீட்டு அடுப்பில் ஆணம் கொதிக்காது. சைக்கிளில் பெட்டி கட்டிய வியாபாரி அதனைக் கொண்டு சேர்க்க வேண்டும். கொழுப்பின் நிலையும் அதுவே. ஆணத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப் போல, கொழுப்பு நீரோடு கலவாது. குருதியோ பெரும்பாலும் நீர். அன்றியும், மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் கண்ட பொருளையெல்லாம் உள்ளே விடுவதில்லை. ஆகவே, வழி நெடுகிலும் சுமப்போர் வேண்டும்.

அச்சுவரிலுள்ள வாயிற்காவலனை 2014ஆம் ஆண்டில் சிங்கப்பூர் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியில் டேவிட் சில்வரின் ஆய்வுக் குழுவினர் கண்டறிந்தனர். எம்.எப்.எஸ்.டி.2ஏ என்னும் அப்புரதம், ஒருவகைப் பொசுபோலிப்பிட்டுடன் பிணைந்து வரும் டீ.எச்.ஏ.யை மூளைக்குள் ஏற்றுகிறது. அப்புரதமில்லாத எலிகளின் மூளை சிறுத்தது, கற்கும் ஆற்றல் குறைந்தது, அச்சம் மிகுந்தது.

உள்ளே சென்றபின் வேறொரு சுமைகாரர் கூட்டம் காத்திருக்கிறது. அவை கொழுப்பமிலப் பிணைப்புப் புரதங்கள். இவ்வினப் புரதம் முதன்முதலில் 1972இல் குடல், ஈரல், இதயம் ஆகியவற்றில் அறியப்பட்டது. மூளையில் 3, 5, 7 என்னும் எண்களுடைய மூன்று உள்ளன. ஒவ்வொன்றும் பத்து இழைகளால் முடைந்து மூடியிட்ட சிறு பெட்டியை ஒக்கும். கொழுப்பமிலம் அதனுள் மடங்கி அமர்ந்து, நீர் நிறைந்த கலத்தினூடே பயணஞ் செய்கிறது. ஏழாம் புரதம் வளரும் மூளையில் மிகுதியாகக் காணப்படுவது, டீ.எச்.ஏ.யை இறுகப் பற்றுவது.

சுமப்போர் இல்லையெனில் என்ன நேரும்? தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற எம்.எப்.எஸ்.டி.2ஏ மரபணுவைப் பெற்ற சில குழந்தைகளைப் பற்றி 2015இல் ஆய்வாளர் அறிவித்தனர். அவர்களுடைய தலை சிறுத்திருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது. ஆனால், மூளைக்குச் செல்லவேண்டிய அந்தப் பொசுபோலிப்பிட்டோ குருதியில் வழக்கத்தினும் மிகுந்திருந்தது. வாயிலில் பொருள் குவிந்து கிடக்க, வீட்டினுள்ளே பஞ்சம்!

எனவே, மிகுதியாக உண்பது ஒன்றே மேதையாக்கிவிடாது. எனினும், சுமப்போர் செவ்வனே இருந்தும் சுமையில்லாவிடின் பயனில்லை. கருவின் மூளை டீ.எச்.ஏ.யை விரைந்து சேர்ப்பது கடைசி மூன்று மாதங்களில். அதனைத் தாயின் குருதியே அளிக்கிறது. பிறந்தபின் தாய்ப்பால் அளிக்கிறது. சுறா போன்ற பெருமீன்களில் இரசம் சேர்ந்திருக்கக்கூடும். சிறுமீன்களில் அது குறைவு. ஆதலின், வீட்டில் வாங்கும் சூடையில் முதற்பங்கு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. எஞ்சியதை உண்பவளாக அவளை வைத்தல் தகாது.