நண்பகல் மின்சாரம் யாருக்குச் சுமை?

(கமக்காரரும் தொழிலறிஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியிற் பட்டது; நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. குரங்கை எண்ணி நாடு நகைத்தது. நாமும் நகைத்தோம். ஆயின், ஒரு குரங்கினால் வீழத்தக்க நிலையில் நாட்டின் மின்சார அமைப்பு நின்றது ஏன் என்று கேட்டவர் எத்தனை பேர்?

அன்று விடுமுறை, தேவை குறைவு. கூரைகளின் மேலோ வெயில் எறித்தது. மின்சாரத்தின் பெரும்பங்கு அவ்வேளை சூரியத் தகடுகளிலிருந்து வந்தது. அனல் நிலையங்களிலும் நீர் நிலையங்களிலும் சுழலும் கனத்த இயந்திரங்கள், பாரமேற்றிய வண்டி இழுப்பு நின்ற பின்னும் சற்றே உருள்வதுபோல, ஓர் அதிர்ச்சியைச் சில கணம் தாங்கும். தகடுகளுக்கு அப்பாரம் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் நின்றுவிட, அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது.

இதற்காகச் சூரியனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் உளர். அவ்வழக்கை நாம் ஏற்கோம். மாரியில் மட்டுமே மழை கொட்டுகிறது என்று நம் முன்னோர் மழையைப் பழித்தாரல்லர், குளம் கட்டினர். மின்சாரத்துக்கும் குளம் வேண்டும். மின்கலத் தொகுதிகள், பகலில் மேட்டுக்கு நீரேற்றி இரவில் இறக்கும் நீர்த்தேக்கங்கள், விரைந்து ஏறி இறங்கும் இயந்திரங்கள் ஆகியனவே அக்குளம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமென 2024இல் கைச்சாத்தான திட்டத்தில் காற்றும் சூரியனும் மின்கலமும் ஒன்றாகவே வகுக்கப்பட்டன. தீவுக்குத் தெரிந்த நியாயம் நாட்டுக்குத் தெரியலாகாதா?

தேவையையும் வெயில் வேளைக்கு நகர்த்தலாம். நண்பகலில் இறைத்தால் வெங்காயம் வாடும் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பயிருக்கு அன்று, தொட்டிக்கு இறையுங்கள். ஆனால் நண்பகலுக்குக் கட்டணத்தைக் குறைக்காமல் தொட்டி கட்டுமாறு உங்களைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

சட்டம் பயின்ற நமக்கு உறுத்துவது வேறொன்று. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. 2016இல் தொடங்கிய அரசுத் திட்டத்தை நம்பி, இருபது ஆண்டு ஒப்பந்தம் செய்து, வங்கிக் கடன்பட்டுத் தகடு பூட்டியவர்கள் பலர். தகடு நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. அன்று அது வேண்டுகோள். நாளை கட்டளையானால் முதலில் எவர் நிறுத்துவது, எத்தனை மணிநேரம், இழப்பை யார் தருவது?

தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் மாநிலம் முழுவதும் மின்சாரம் இழந்தது. மறு ஆண்டே 100 மெகாவாற் மின்கலத்தை நிறுவிற்று. 2020 செப்டெம்பர் முதல், புதிதாகப் பூட்டும் கூரைத் தகடுகளை நெருக்கடி வேளையில் தொலைவிலிருந்து நிறுத்த வழியிருத்தல் வேண்டுமென விதியும் வகுத்தது. தகடு வாங்குபவன் அவ்விதியை அறிந்தே வாங்குகிறான். காற்றையும் சூரியனையும் கைவிடாமலே அம்மாநிலம் இதைச் செய்தது.

நமக்கும் எழுதிய விதி வேண்டும். நிறுத்தும் கட்டளைக்கு நட்டஈடும் வேண்டும். இக்கோரிக்கையை மனுவாக வரைகிறோம். கூரைத் தகடு உடையவர்கள் தம் ஒப்பந்தப் பத்திரத்தின் பிரதியையும், ஏப்ரல் மாதக் கணக்குச் சீட்டையும் அடுத்த கூட்டத்துக்குத் தவறாது கொண்டுவருக.