பூட்டன் பெயர்



சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்புக்கு உறவுப்பெயர்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தந்தை, பாட்டன், பூட்டன் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, பூட்டனின் பெயர் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். இரண்டே கைகள் உயர்ந்தன. ஒருவன் ஐயர் வீட்டுப் பிள்ளை. திதிக்குத் திதி மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன். கடைசி வாங்கில் இருந்தவன் எழுந்து, "சேர், உங்கட பூட்டன்ர பேர் என்ன?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை.

தெரியாமற் போனதற்கு ஒரு நாளைச் சுட்டிக் காட்டலாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் மழைக்குள்ளே தென்மராட்சி நோக்கி நடந்த இரவு. எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவின் சைக்கிளில் அரிசி மூட்டையும் ஆச்சியும் ஏறியதும் இடம் முடிந்துவிட்டது. உறுதிகளும் சாதகங்களும் இருந்த ட்ரங்குப்பெட்டி வீட்டிலேயே நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது; உள்ளே கறையான் புற்று.

மிஞ்சியது பெரியம்மா கொண்டுபோயிருந்த ஒரு சீதன உறுதி மட்டுமே. அதை அண்மையில்தான் நிதானமாக வாசித்தேன். இலக்கியம் படிப்பிக்கிறவன் உறுதியை வாசிப்பதில்லை. அது பெரிய நட்டம். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு, பிறகு நான்கு எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் ஓர் அயலவர். கிழக்கெல்லையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, இன்னார் பெண்சாதி இன்னார் என்று. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் உடைமை என்று ஏற்றது. அதனால்தான் நமது பெண்களின் பெயர்கள் உறுதிகளிலே உயிரோடிருக்கின்றன. ஊர் வரலாறு எழுதிய பெரியவர்களின் நூல்களில் அந்தப் பெண்களைத் தேடினால் அகப்படமாட்டார்கள்.

நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். ஆகவே கறையான் தின்றதும் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அந்த நம்பிக்கையுடன் ஓர் அலுவலகத்துக்குப் போனேன்.

"காணி வழக்கோ?" என்றார் மேசையில் இருந்தவர்.

"இல்லை. பூட்டனைத் தேடுறன்."

அவர் சிரித்துவிட்டார். "மாஸ்ரர், உறுதி இலக்கமும் ஆண்டும் தாங்கோ, பாப்பம்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். இலக்கமும் ஆண்டும் தெரிந்தால் படி கிடைக்கும். அவை தெரியாதவன்தான் தேடவே வருகிறான். ஏட்டைப் புரட்டிப் பார்க்க அவனை விடாவிட்டால், இருந்தும் அது இல்லாததுதான். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளின் கதையும் இதுவே. இந்நாட்டில் அந்தப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது.

அதற்கு முந்தியவை தோம்புகள். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். ஒல்லாந்தர் அதை விரிவாக்கிக் காணிக்கு ஒரு தோம்பு, குடிகளுக்கு ஒரு தோம்பு என்று எழுதினார்கள். வரி வாங்கவும் ஊழியம் வாங்கவும் எழுதியதுதான், நம்மீது அன்பினால் அல்ல. ஆயினும் குடும்பத் தலைவன், அவன் பிள்ளைகள், மரங்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் காக்கப்படும் ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1902இல் அரசாங்கச் சுவடிக் காப்பாளராக நியமனம் பெற்ற ஆர்.ஜி. அந்தோனிஸ், பின்பு 1908இல் டச்சுப் பறங்கியர் ஒன்றியம் உருவாக முன்னின்றார். அந்த ஒன்றியத்தின் சஞ்சிகை பறங்கியர் குடும்பங்களின் வம்சாவளிகளை இதழ் இதழாக வெளியிட்டது. ஏடு திறந்திருந்தால் ஒரு சிறு சமூகம் தன்னை எவ்வளவு தூரம் அறிந்துகொள்ளலாம் என்பதை அங்கே கண்டேன். பொறாமையாகவும் இருந்தது.

இது வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்வோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைக்க வேண்டும். தானும் தந்தையும், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்ததைக் காட்டு என்றது அது. காட்டக் கடதாசி இல்லாத மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். ஒரு பூட்டன் பெயரின் விலை அவ்வளவு.

மறுபக்கமும் உண்டு. தோம்பிலே சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. திறந்து வைத்தால் பழைய புண்ணைக் கிளறுவார்கள் என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். நியாயமான பயம். ஆனால் மூடி வைத்தால் மிஞ்சுவது, உரத்துப் பேசக்கூடிய குடும்பங்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் கதை மட்டுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதில் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு உண்டு. உயிரோடிருப்பவருக்கு அது வேண்டும். நூறு வருடத்துக்கு முன் மறைந்த என் பூட்டனுக்கு என்ன அந்தரங்கம்?

1981இல் யாழ். நூலகத்தில் எரிந்தது ஒரே பிரதியாய் இருந்த பலவற்றையும் சேர்த்துத்தான். அந்த நெருப்பை அறிந்த நாங்கள், 2005 முதல் நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் இலவசமாகப் பார்க்கிறோம். கல்வெட்டு என்று நாம் சொல்லும் அந்தியேட்டி நினைவு மலர்களும் அங்கே உண்டு. தேவாரத்துக்குப் பின்னே அச்சிட்ட வம்சவிருட்சத்தைப் பாருங்கள். வீட்டில் இருந்தால் பழைய கடதாசிக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வருகிற விடுமுறையில் அந்தக் கடைசி வாங்குப் பையனையும் கூட்டிக்கொண்டு மறுபடி அதே அலுவலகத்துக்குப் போகிறேன். ஆச்சி சொன்ன ஓர் ஊர்ப்பெயரை அவன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். என் கையில் ஒரு கிழக்கெல்லை இருக்கிறது. மேசையில் இருப்பவர் இம்முறையும் சிரிக்கட்டும். ஏட்டை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தால் போதும்.