கிளி வாங்கப் போகிறீர்களா?



சென்ற வாரம் வகுப்பு முடிந்து போகும்போது ஓர் அக்கா என்னை நிறுத்தினார். "பேரன் கிளி வேணும் என்று அழுகிறான். ஒன்று வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். நின்றபடியே சொல்லி முடிக்கும் காரியம் அல்ல அது. அதனால்தான் இன்று கிளியைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் பூவாரில் கிளிக்குப் பஞ்சம் இல்லை. நெய்யாறு கடலில் சேரும் பொழிக்கரையில் சாயங்காலம் போய் நில்லுங்கள். தோப்புக்கு மேலே கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும். மலையாளத்தில் தத்த என்கிறோம். தத்தை என்பது தமிழிலும் பழைய சொல்தான்.

கிளி கூடு கட்டாது. மண்டை போன தென்னையில் பொந்து இருக்கும். அதில்தான் முட்டை இடும். மூன்று நான்கு முட்டைகள். மூன்று வாரத்துக்கு மேல் அடை காக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஏழு வாரம் ஆகும். அந்த ஏழு வாரத்துக்குள்தான் பிடிப்பவர்கள் மரம் ஏறுகிறார்கள். இறகு முளைக்காத குஞ்சைத் துணியில் சுற்றிக் கொண்டு போகிறார்கள். வழியில் பல செத்துப் போகும். பிழைத்தது கைக்கு வரும்.

"இது ஆண் கிளி, நன்றாகப் பேசும்" என்று விற்பவர் சொல்வார். ஆண் கிளிக்குக் கழுத்தில் வளையம் வருவதற்கே ஏறக்குறைய மூன்று வயது ஆக வேண்டும். குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அவருக்கே தெரியாது!

இனி சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. வாங்கக் கூடாது. வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று வருடம் வரை சிறை கிடைக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போய் வாங்கினால் என்ன என்று கேட்காதீர்கள். இது மத்திய அரசின் சட்டம். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கினாலும் அந்தக் கிளி உங்கள் சொத்து ஆகாது. அது அரசின் சொத்து.

நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அவர் உயிரோடு இல்லை. அவருடைய சென்னை வீட்டில் இரண்டு கிளிகள் இருந்தன. தோளில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய பச்சைக்கிளிகள். வீட்டைச் சுற்றிக் காட்டும் படம் ஒன்றில் அந்தக் கிளிகளும் வந்தன. அதைப் பார்த்து வனத்துறை வந்தது. 2023 பிப்ரவரியில் அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். கிளிகளைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை போல வளர்த்த கிளிகளாக இருந்தாலும் சட்டம் அதைப் பார்க்கவில்லை.

பணக்காரருக்கு மட்டும்தானா சட்டம்? 2024 ஏப்ரலில் கடலூர் பக்கம் ஒரு கிளி ஜோசியரையும் வனத்துறை பிடித்தது. தேர்தலில் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று அவருடைய கிளி சீட்டு எடுத்திருந்தது. கிளிகளை எடுத்துக்கொண்டு, அவரை எச்சரித்து விட்டார்கள். வேட்பாளரும் தோற்றுப் போனார்.

நான் கேலி பேசுவதாக நினைக்க வேண்டாம். என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் கிளி இருந்தது. இறக்கை நுனியை வெட்டி விட்டிருந்தோம். "அம்மா" என்று கூப்பிடும். அம்மா அடுக்களையில் இருந்து "என்னடா" என்பார். நாலு வருடம் போனது. ஒரு நாள் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இறக்கை வளர்ந்ததும் கூண்டைத் திறந்து விட்டார். கிளி வேலிவரை பறந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இரை தேடவும் தெரியாது, காக்கைக்குப் பயப்படவும் தெரியாது. மறுநாள் காலையில் வேலி ஓரத்தில் பச்சை இறகுகள்தான் கிடந்தன. நாங்கள் புண்ணியம் என்று நினைத்துச் செய்தது அது.

சரி, பேரன் அழுகிறானே, அவனுக்கு என்ன செய்வது? சட்டம் தடுக்காத பறவைகளும் உண்டு. லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கும் சின்னக் கிளிகளின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அவற்றை வளர்க்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். அவை கூட்டமாக வாழும் ஜாதி. தனியே விட்டால் ஏங்கிப் போகும். இரண்டாக வாங்குங்கள். கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது. அங்கும் இங்கும் பறக்க இடம் வேண்டும். அடுப்புப் புகையில் தொங்க விடாதீர்கள். இடவப்பாதி மழையும் கடல் காற்றும் நேரே அடிக்கும் இடமும் ஆகாது. பூனை, எலி, பாம்பு மூன்றும் கூண்டைத் தேடி வரும். தினை கொடுங்கள். தினை மட்டும் போதாது, கீரையும் வேண்டும். டீ, உப்புப் பண்டம், மிட்டாய் வேண்டாம். கணவாய் ஓட்டைக் கடையில் காசுக்கு விற்கிறார்கள். நம் கரையில் அது சும்மா ஒதுங்கிக் கிடக்கிறது! உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, கூண்டில் கட்டுங்கள். சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். அந்தத் தூசியால் மனிதருக்கு ஒரு வகைக் காய்ச்சலும் இருமலும் வரலாம். அப்படி வந்தால் வீட்டில் கிளி இருக்கிறது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குச் சரியான மருந்து தோன்றும்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற விலை கூடிய கிளிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2024-இல் வந்த விதிப்படி அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர் காகிதம் தரவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று. அது நாற்பது, ஐம்பது வருடம் இருக்கும். ஐம்பது வயதில் வாங்கினால் நமக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

ஏற்கனவே பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் இங்கேயும் இருக்கலாம். கையைத் தூக்க வேண்டாம். எங்கள் அப்பா செய்தது போல வேலியில் திறந்து விடாதீர்கள். வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே கொண்டு போய் ஒப்படையுங்கள். பயமாக இருந்தால் பஞ்சாயத்து மெம்பரைக் கூட அழைத்துப் போங்கள். அது வழக்கமாகத் தின்னும் தீனியையும் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். புது இடத்தில் முதல் இரண்டு நாள் வேறு எதையும் தொடாமல் இருக்கலாம்.