ஐம்பது சென்ட் புத்தகம்

(மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சுத்திறனை வளர்த்துக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். பகலில் ரூபாய் எண்ணி, ராத்திரி கவிதை எழுதுகிற ஒருத்தனிடம் கேட்க வேண்டிய விசயமா இது? அந்தத் தலைப்பில் பஸ் ஸ்டாண்டு கடையிலேயே புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறான். கையை எங்கே வைக்கணும், குரலை எப்போ ஏத்தணும் என்று. அதையெல்லாம் நான் கேலி செய்ய வரவில்லை. அந்த மாதிரி ஒரு புத்தகத்தைக் காசு சேர்த்து வாங்கிய பையன் ஒருத்தனைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பிரடெரிக் டக்ளஸ். 1818இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சின்ன வயசிலேயே பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். வீட்டம்மா விவரம் தெரியாமல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். புருசன் தடுத்தான். படிச்ச கறுப்பன் அடிமை வேலைக்கு லாயக்கில்லாமல் போயிடுவான் என்று பையன் காதுபடவே சொன்னான். படிப்புக்கு இதைவிட நல்ல சிபாரிசு வேண்டுமா? தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பசங்களிடம் ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். கப்பல் பட்டறையில் தச்சர்கள் மரத்தில் குறித்த நாலு எழுத்தைப் பழகிக்கொண்டு, உங்களைவிட நல்லா எழுதுவேன் பாக்கிறீங்களா என்று சீண்டினான். பந்தயத்தில் அவர்கள் ஜெயிப்பார்கள். எழுத்து இவனுக்குச் சேரும்.

பன்னிரண்டு வயசு வாக்கில், பூட்ஸ் துடைத்துச் சேர்த்த ஐம்பது சென்டில் 'கொலம்பியன் ஒரேட்டர்' வாங்கினான். கேலப் பிங்ஹாம் என்பவர் 1797இல் தொகுத்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மேடைப்பேச்சு பழகுவதற்கான பள்ளிக்கூடப் புத்தகம். அதில் எஜமானும் அடிமையும் பேசிக்கொள்கிற ஒரு உரையாடல் வருகிறது. அதைத்தான் பையன் திரும்பத் திரும்பப் படித்தான்.

அந்த உரையாடல் எப்படி வேலை செய்கிறது, பாருங்கள். ஓடிப்போய்ப் பிடிபட்டவனை எஜமான் நன்றிகெட்டவன் என்று ஏசுகிறான். அடிமை உடனே வாதத்துக்கு இறங்குவதில்லை. என்ன சொன்னாலும் எடுபடாது, ஆனபடி ஆகட்டும் என்று நிற்கிறான். அது எஜமானை உறுத்துகிறது. சரி, சொல்லு என்று அவனே வாசலைத் திறந்துவிடுகிறான். விலை கொடுத்து வாங்கினேனே என்கிறான். என் சம்மதத்தைக் கேட்டா வாங்கினாய் என்கிறான் அடிமை. உன் உரிமைதான் ஏற்கனவே போய்விட்டதே என்றால், போனது என் பலம், உரிமை எப்படிப் போகும் என்கிறான். இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு சொல்லைப் பிரித்து வைக்கிறான், அவ்வளவுதான். அடுத்து எஜமான் கடவுளைக் கூப்பிடுகிறான். நமக்குப் பழகின ஆள்தான். நம்ம ஊரில் முற்பிறவி வினை என்று வருவார். துப்பாக்கியை நீட்டுகிற திருடனும் இதையே சொல்லலாமே, அதே கடவுள் ஓடிப்போக எனக்குக் காலும் கொடுத்திருக்கிறாரே என்று பதில் வருகிறது. நல்லபடி வைத்திருந்தேனே என்கிற கடைசிச் சமாதானமும் விழுகிறது. மாட்டுக்கும்தான் தீனி போடுகிறாய்! எதிராளி தூக்கிவந்த கல்லையே திருப்பி வீசுகிற வித்தை இது.

புத்தகத்தில் எஜமான் மனம் மாறி விடுதலை கொடுக்கிறான். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. 1834இல், பதினாறு வயசில், அடிமைகளை அடித்துப் பழக்குவதில் பேர்போன கோவி என்பவனிடம் விட்டார்கள். ஆறு மாதம் சவுக்கடி. அங்கே எந்த வாதமும் செல்லவில்லை. ஒருநாள் அவன் கழுத்தைப் பிடித்துத் திருப்பி மோதினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு கோவி அவர்மேல் கைவைக்கவில்லை.

அப்புறம் வாதம் எதற்கு என்று கேட்பீர்கள். அடுத்த வருசம் வேறொரு பண்ணையில் ரகசியமாக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தினார். நாற்பது பேருக்கு மேல் படித்தார்கள். கூட இருந்தவர்களைத் தப்பி ஓடச் சம்மதிக்கவைக்க, அந்தப் பழைய புத்தகத்தின் பேச்சுகள்தான் கைகொடுத்தன என்று 1855இல் வந்த தன்வரலாற்றில் எழுதுகிறார். எஜமானுக்காக எழுதிய வாதம் சக அடிமையிடம் பலித்தது. அந்தத் திட்டம் வெளியே கசிந்து ஜெயிலுக்குப் போனது வேறு கதை. 1838இல் தனியாகத் தப்பினார்.

வடக்கே போய் 1841இல் அடிமை ஒழிப்பு மேடை ஏறியதும் இன்னொரு சிக்கல். எதிரியிடமிருந்து இல்லை, நண்பர்களிடமிருந்து. நடந்ததை மட்டும் சொல்லு, தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பாணியில் வெள்ளைத் தோழர்கள் புத்தி சொன்னார்கள். படித்தவன் மாதிரி பேசாதே, தோட்டத்து வாடை கொஞ்சம் இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. நம் ஆட்களையும் கருத்தரங்குக்குக் கூப்பிடுகிறார்கள். காலையில் நாம் கவிதை வாசிக்கணும், வலி, சேரி, தாத்தா, பறை. மதியம் அதற்கு விளக்கம் சொல்ல வேறொருவர் வருவார். கைதட்டல் நமக்கு, கட்டுரை அவருக்கு.

டக்ளஸ் அடங்கவில்லை. 1852 ஜூலை 5இல் ராச்செஸ்டரில் பேசுகிறார். அடிமையும் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டுமா? வர்ஜீனியாவின் சட்டத்தையே எடுத்து வைக்கிறார். 72 குற்றங்களுக்குக் கறுப்பனைக் கொல்லலாம், அவற்றில் இரண்டுக்கு மட்டும்தான் வெள்ளையனுக்கு அதே தண்டனை. பொறுப்புள்ள மனிதன் இல்லையென்றால் அவனுக்கு எதற்குத் தண்டனை? சட்டம் போட்டவனே ஒத்துக்கொண்டுவிட்டான்.

அந்தப் போராட்டத்தின் சேதி இங்கேயும் வந்தது. 1873இல் புலே தன் 'குலாம்கிரி'யை அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பையன் கல்விக்கடன் கேட்டு வந்தான். வீட்டுப் பத்திரம் இருக்கா என்றார் அதிகாரி. அப்பா செத்தது, அம்மா துப்புரவு வேலைக்குப் போவது எல்லாம் சொன்னான். அவர் உச்சுக்கொட்டிக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கையில் ஒரு தாளோடு வந்தான். நாலு லட்சத்துக்குள்ளேதான் கேக்குறேன், அதுக்குச் சொத்துப் பிணை வேண்டாம்னு உங்க விதியே சொல்லுது, முடியாதுன்னா எழுதிக் குடுங்க சார் என்றான். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். தாளைக் கொடுத்தது யார் என்பதை விட்டுவிடுவோம், நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

அந்த உரையாடலைத் தமிழாக்கிப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டிரண்டு பேராக எழுந்து பேசுவோம். எஜமானாகப் பேசுகிறவர்கள் சும்மா தோத்துப்போயிடக் கூடாது. நிஜத்தில் அவன் என்னவெல்லாம் சொல்லுவானோ அத்தனையும் சொல்லணும். பிரதி இருபதுதான் இருக்கு, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பாருங்கள்.