துண்டுத் துணிக் கணக்கு

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், இந்நாள் மாணவர்களுக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செயலாளர் அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆலையைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்கி நின்றே வளர்ந்த பிள்ளைகளிடம் சிமெண்டைப் பற்றிப் புதிதாக என்ன சொல்வது? அதனால் அவர் அனுமதியோடு, பெரம்பலூரில் எங்கள் குடும்பம் நடத்தும் சின்னத் துணிக்கடையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பொறியியல் கல்லூரியில் ஜாக்கெட் துணியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். கணக்கு இல்லாமல் பேச மாட்டேன்.

முதலில் நம் மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டில் பருத்தி அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் செடியிலிருந்து எடுத்த பருத்தி இங்கே நூலாவது அபூர்வம். வியாபாரியிடமோ ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்திலோ விலைபோய் வெளியூருக்குப் பயணப்படும். எங்கோ அரைபட்டு, எங்கோ நூலாகி, ஈரோடு, பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் துணியாகி, சாயம் ஏறி, பிறகு எங்கள் கடைக்கே திரும்பி வரும். பருத்தி எடுக்கிற அக்கா அதே துணியை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும், மீதி விதை. நூற்பில் கழிவு போக 29 கிலோ நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 அங்குல அகல பாப்ளின் துணி ஒரு மீட்டர் நூறு கிராம் சொச்சம் இருக்கும். ஆக ஒரு குவிண்டால் என்பது ஏறக்குறைய 270 மீட்டர் துணி. 2025-26க்கு நீண்ட இழைப் பருத்தியின் குறைந்தபட்ச ஆதரவு விலை 8,110 ரூபாய். விதையின் விலையைக் கழிக்காமல் பார்த்தாலே ஒரு மீட்டரில் பருத்தியின் பங்கு 30 ரூபாய். அதை நாங்கள் 90 ரூபாய்க்கு விற்கிறோம். நடுவே உள்ள 60 ரூபாயில் எத்தனையோ ஊர்கள் சோறு சாப்பிடுகின்றன. எங்கள் கடை அந்த வரிசையில் கடைசி.

இனி கடைக்கு வருகிறேன். 1995-இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத் தலைநகரம் ஆயிற்று. (அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் திரும்பவும் பிரிந்தது. அந்தக் குழப்பத்தில் எங்கள் வீட்டு ரேஷன் கார்டு பட்ட பாடு தனிக்கதை.) கலெக்டர் ஆபீஸ் வந்தது, பின்னாலேயே மற்ற ஆபீஸ்களும் வந்தன. தினமும் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஊரில் கூடினார்கள். அதைக் கவனித்து 1997-இல் என் அம்மா பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், தாத்தா விட்டுப்போன பத்துக்குப் பதினெட்டு அடி இடத்தில் கட்பீஸ் கடை வைத்தார். போர்டில் "மேட்சிங் சென்டர்" என்று எழுதினார். ஜாக்கெட் துணி, லைனிங், உள்பாவாடைத் துணி, புடவை ஃபால்ஸ், நூல்கண்டு, கொக்கி. பின்பக்கம் இரண்டு தையல் மெஷின்.

டூ பை டூ ரூபியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாவிலும் ஊடையிலும் இரண்டு புரி நூலை முறுக்கி நெய்தது என்று அர்த்தம். உங்கள் அம்மாக்களுக்குத் தொட்டாலே தெரியும், நமக்கு நாலாவது செமஸ்டரில் சொன்னாலும் தெரியாது. இதில் 160 ஷேடு வைத்திருக்கிறோம். பச்சை மட்டும் பத்தொன்பது. இத்தனை எதற்கு என்று நான் படிக்கிற காலத்தில் கேட்டேன். "ஒரு கலர் இல்லேன்னு ஒருத்தரைத் திருப்பி அனுப்பினா, அவங்க கூட வந்த நாலு பேரும் அடுத்த தடவ வர மாட்டாங்கடா" என்றார் அம்மா. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்துக் கைத்தறிப் பட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பஸ் பிடித்து வருவதே அந்த ஒரு ஷேடுக்காகத்தான்.

கடைக்குள் டியூப்லைட்டில் சரியாகப் பொருந்திய துணி வாசல் வெயிலில் வேறு நிறமாகத் தெரியும். இரண்டு வேறு சாயக் கலவைகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். இதை நான் விளக்கியபோது அம்மா, "அதனாலதான் வாசப்படியில வெச்சுப் பாக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார். வெட்டின துணியைத் திருப்பி வாங்க முடியாது. ஆகவே அந்த வாசப்படிதான் எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. கைப்பேசியில் படம் பார்த்து ஜாக்கெட் துணி வாங்கியவர்கள் அடுத்த வாரம் எங்களிடம் வருவதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் 2015 வாக்கிலிருந்தே வியாபாரம் இறங்குமுகம். புடவை கட்டுகிற நாட்கள் குறைந்தன. ரெடிமேட் ஜாக்கெட் வந்தது, லெக்கின்ஸ் வந்தது, புடவையிலேயே ஜாக்கெட் துணியைச் சேர்த்து நெய்துவிட்டார்கள். மார்ச் 2020-இல் ஊரடங்கு வந்து கடை பூட்டியது. கைவசம் இருந்த பாப்ளினை முகக்கவசமாகத் தைத்துக் கொடுத்து அந்த ஆண்டை ஓட்டினோம். தைக்கிற இரண்டு அக்காக்களும் வீட்டுக்கு மெஷினை எடுத்துக்கொண்டு போய்த் தைத்தார்கள். ஒருவருடைய வீட்டில் அந்த வருமானம் மட்டும்தான்.

2022-இல் வீட்டில் பேச்சு எழுந்தது. கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விடலாமா? ஒரு கைப்பேசிக் கடைக்காரர் மாதம் 9,000 தருவதாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சரக்கு, தையல் கூலி, கரண்டு எல்லாம் போக மாதம் சராசரி 21,000 நின்றது. பார்த்தால் லாபம். ஆனால் அம்மாவும் என் மனைவியும் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறார்களே, அதற்குச் சம்பளம் எங்கே? பெரிய ஜவுளிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவருக்குப் பத்தாயிரம் என்று வைத்தால்கூட இரண்டு பேருக்கு 20,000. வாடகையாக வரக்கூடியது 9,000. ஆக 29,000 செலவில் 21,000 சம்பாதிக்கிறோம். மாதம் எட்டாயிரம் நஷ்டம். பொறியியல் பொருளாதாரப் பாடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது இதுதானே!

காகிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "எம் பேருக்கு நேரா பத்தாயிரம் போட்டிருக்கியே, இந்தக் கடைய மூடிட்டா 61 வயசுல என்னை யாருடா பத்தாயிரத்துக்கு வேலைக்கு வெச்சுப்பான்?" என்று கேட்டார். என் மனைவியோ அதே வரியை வேறு மாதிரி படித்தாள். "என் பேருக்கு நேரா போட்டது சரிதான். அதை எனக்குக் கொடுங்க" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. இதை நான் யோசித்தபடியே பல நாள் பஸ்ஸில் அரியலூர் போய் வந்திருக்கிறேன். அம்மாவின் உழைப்புக்கு வெளிச் சந்தையில் விலை இல்லை. கடை இருந்தால்தான் அது உழைப்பு. மனைவிக்கு அப்படி இல்லை. அவள் பி.காம். படித்தவள், வேறு வேலைக்குப் போக முடியும். சின்னக் கடைகள் லாபத்தில் நடப்பதாகச் சொல்லப்படும்போது, பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கூலிதான் லாபம் என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து இருவருக்கும் மாதச் சம்பளம் எழுதுகிறோம். சின்னத் தொகைதான், ஆனால் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதன் பிறகு மிஞ்சுவதைத்தான் கடையின் வருமானம் என்கிறோம்.

கடையை மூடவில்லை. ஆனால் அப்படியே விடவும் முடியாதே! அப்போதுதான் என் மனைவி பரண் மேலே இருந்த மூட்டைகளைக் கீழே இறக்கினாள். ஒரு ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டர் வெட்டுகிறோம். ஒவ்வொரு தானின் கடைசியிலும் முப்பது, ஐம்பது சென்டிமீட்டர் துண்டு மிஞ்சும். யாருக்கும் ஆகாது. இருபத்தைந்து வருஷத் துண்டு, நிறுத்துப் பார்த்தால் 140 கிலோ. பழைய துணி எடுப்பவர் கிலோவுக்கு 20 ரூபாய் சொன்னார்.

அதைத்தான் ஒட்டித் தைத்து விரிப்பாக்க ஆரம்பித்தோம். ஆங்கிலத்தில் குயில்ட் என்பார்கள், மெத்தைக் கடையில் ரஜாய் என்பார்கள், அம்மாவுக்கு அது தையல் விரிப்பு. நமக்கு இது புதிதல்ல. பிறந்த குழந்தைக்குப் பழைய நூல்புடவைகளை மடித்து அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு விரிக்காத பாட்டி உண்டா? வங்காளத்தில் காந்தா, கர்நாடகத்தில் கவுதி என்று இதற்குப் பெயரும் மதிப்பும் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு பருத்தி விளைகிற ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடைகளை ஒட்டித் தைத்த விரிப்புகளை 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள், 2006-இல் தபால்தலையாக வெளியிட்டார்கள். நம் ஊர் விரிப்பை யாரும் சுவரில் மாட்ட வேண்டாம், காசு கொடுத்து வாங்கினால் போதும்.

வாங்குவார்களா? சாலையோரத்தில் பானிப்பட் பாலியஸ்டர் போர்வை 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ஐந்துக்கு ஏழரை அடி விரிப்பு. அடித்துணிக்குக் கரூர் ஏற்றுமதி மிச்சம் 350 ரூபாய், நடுவே பஞ்சு 250, நூலும் கரண்டும் 60, தையல் இரண்டரை நாள் 1,125. மொத்தம் 1,785. மேல்துணிக்கு என்ன விலை போடுவது? அம்மா சைபர் என்கிறார், மனைவி வாங்கின விலை என்கிறாள். நான் பழைய துணிக்காரர் சொன்ன 20 ரூபாயைப் போடுகிறேன். வீட்டில் இன்னும் தீராத வழக்கு இது. விற்பது 2,400 ரூபாய். அதற்கு மேல் போகாததற்கும் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரை உள்ள பருத்தி ரஜாய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம்.

முதல் ஆண்டு தைத்தது 14, விற்றது 9. நம் ஊர் வெயிலுக்கு ரஜாய் எதற்கு என்று கேட்டவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள். மார்கழியில்கூட நமக்கு மெல்லிய போர்வை போதும். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, நடுவில் பழைய நூல்புடவை ஒன்றை வைத்துத் தைத்தோம். எடை குறைந்தது, துவைப்பது சுலபம், கீழே விரிக்கவும் ஆகும். அதன் பிறகுதான் நாங்கள் எதிர்பார்க்காத ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் என் ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பையில் ஆறு புடவை கொண்டுவந்தார். இறந்துபோன அவருடைய அம்மாவின் புடவைகள். "இத வெட்டித் தைக்கிறப்போ பாத்து வெட்டுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று கத்தரியை வேறு யாரிடமும் தராமல் அம்மாவே வெட்டினார். இப்போது வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் இப்படித்தான். இதற்குக் கூலி மட்டும் 1,500. சரக்கு முதல் கிடையாது, தேங்கவும் தேங்காது. இரண்டு அக்காக்களுக்கும் ஆடி மாதத்திலும் வேலை இருக்கிறது.

ஆனாலும் கடை கரை ஏறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சம்பளம் எழுதிய பிறகு போன ஆண்டு சராசரியாக மாதம் 6,500 நின்றது. வாடகை 9,000-ஐ இன்னும் தொடவில்லை. கைப்பேசிக் கடைக்காரர் இப்போதும் போகிற வருகிறபோது சிரிக்கிறார்.

இதில் இயந்திரவியல் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உண்மையில் அதைக் கேட்கத்தான் வந்தேன். சாதாரண தையல் மெஷினில் துணியைத் தள்ளும் பற்கள் அடியில் மட்டுமே இருக்கின்றன. மூன்று அடுக்கை வைத்தால் அடித்துணி முன்னே போகும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். மேலிருந்தும் தள்ளுகிற வாக்கிங் ஃபுட் என்ற பாகம் போட்டுச் சமாளிக்கிறோம். இரண்டாவது சிக்கல், மெஷினின் கைக்கும் ஊசிக்கும் நடுவே ஏழு அங்குலம்தான் இடைவெளி. ஐந்தடி விரிப்பைச் சுருட்டிச் சுருட்டி அதற்குள் நுழைத்துத் தைப்பதில் அக்காக்களுக்குத் தோள்பட்டை போய்விடுகிறது. இரண்டரை நாள் ஆவதும் இதனால்தான். வெளிநாட்டில் துணியைச் சட்டத்தில் கட்டி நிறுத்திவிட்டு மெஷினை நகர்த்துகிறார்கள். அது லட்சக்கணக்கில் விலை, எங்கள் கடைக்குள் நுழையவும் நுழையாது.

எனக்கு வேண்டியது எட்டடிக்கு மூன்றடிக்குள் அடங்கும் சட்டம், பதினெட்டு அங்குல இடைவெளி, அங்குலத்துக்கு எட்டுத் தையல் சீராக விழ வேண்டும், உட்கார்ந்துகொண்டே இயக்க வேண்டும், மொத்தச் செலவு 30,000-க்குள். இரண்டரை நாள் ஒரு நாளானால் கூலியைக் குறைக்க மாட்டோம், எண்ணிக்கையைக் கூட்டுவோம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு எடுத்துக்கொள்ள யாராவது முன்வந்தால், பழைய மெஷின் ஒன்றும் பொருட்செலவில் பாதியும் நான் தருகிறேன். துறைத்தலைவர் அவர்களிடம் அளவுகள் எழுதிய தாளைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வாருங்கள், அக்காக்கள் தைப்பதை நேரில் பார்த்து அளவெடுத்துக்கொள்ளலாம்.